மாமன் கைவிட்ட கயிறு

“திமிங்கிலதாசன்ங்கிற ஆளு இங்கனதான் வேல பாக்கானா?”

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில், பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்டார். கையில் ஒரு சிறுவர் வார இதழ் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. படிப்பதற்காகச் சுருட்டியது போலத் தெரியவில்லை. சேலை ஓரத்தில் கடல்தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

“ஆளக் கூப்புடுங்க. ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன். அடிக்கல்லாம் மாட்டேன்” என்றார் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் யோசித்து, “முதக் கேள்விக்கு அடிக்க மாட்டேன்” என்று திருத்திக்கொண்டார்.

“நான்தான் திமிங்கிலதாசன்” என்றேன்.

தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காதில் ஹெட்போன் அழுத்திய தடம், ரெட்டைப் பின்னலை எடுத்துக் கட்டிய கொண்டை, மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளி. “பொம்பளையா?” என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த ஏமாற்றத்தை இன்றுவரை எந்த விமர்சகராலும் எனக்குத் தர முடிந்ததில்லை. இத்தனைக்கும் அவர்கள் முயற்சி செய்யாமல் இல்லை.

இது எந்த வருஷம் என்று தயவுசெய்து கடிதம் போட்டுக் கேட்காதீர்கள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றிருந்த காலம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

தாசன் அவதரித்த விதம்

நான் ஏரல் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமத்துக்காரி. வயலும் வாய்க்காலும் தெரியும். கடல் எனக்குக் கணுக்கால் வரைக்கும்தான் பழக்கம். அதற்குமேல் அது வரப் பார்த்தால் நான் பின்னால் போய்விடுவேன். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்து, இணைப்புக்கும் இணைப்புக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தேன்.

முதல் கதையை என் சொந்தப் பெயரில்தான் அனுப்பினேன். ஆசிரியர் சென்னையிலிருந்து அன்பாகப் பதில் எழுதினார். கதை பிரமாதம், ஆனால் சாகசக் கதையின் கீழே ஒரு பெண் பெயர் இருந்தால் பையன்கள் சமையல் குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்களாம். அதனால் எனக்குப் பெரிய மனது பண்ணி ஒரு பெயர் வைத்திருப்பதாகத் தெரிவித்தார். திமிங்கிலத்தை நான் படத்தில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பக்கத்துக்குள் அடங்காமல் வாலை வெட்டிவிட்டிருப்பார்கள். இருந்தாலும் அச்சில் வருகிறதே என்று அதற்கு அடிமையாக இருக்கச் சம்மதித்தேன்.

என் முதல் புத்தகம் ‘கருப்பட்டிக் கோட்டை’. முழுக்க முழுக்கக் கருப்பட்டியால் கட்டிய கோட்டை, மழை வந்து கரைகிறது, உள்ளே சிறையிருந்த இளவரசி தப்பிக்கிறாள். அது வெளியான மாதமே உடன்குடியிலிருந்து ஒரு மொத்த வியாபாரியின் கடிதம் வந்தது. உடன்குடிக் கருப்பட்டி ஒரு மழைக்கு அப்படிக் கரையாது என்றும், நான் கோட்டை கட்டியிருப்பது கலப்படச் சரக்கு என்றும், அடுத்த பதிப்பில் சரக்கை மாற்றாவிட்டால் நடப்பதே வேறு என்றும் எழுதியிருந்தார்.

நான் அதைச் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதினால் ஐம்பது வயது ஆண்பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. அந்த மனிதர் சொன்னதில் இருந்த புத்திமதி எனக்கு உறைக்கவில்லை. தெரியாத பொருளை வைத்துக் கோட்டை கட்டாதே என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

அதனால் அடுத்ததாகக் கடலை வைத்துக் கட்டினேன்.

ஏழாம் பாரின் ராட்சசி

தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்கடியில் சிப்பி படிந்து கிடக்கும் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். நான் வந்தபோது முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சங்குக்கு மட்டும்தான் ஆட்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் என்ன? கதையில் முத்துக்கு யார் தடை போடுவது? ஏழாவது பாரில் தேங்காய் அளவு ஒரு முத்தை வைத்தேன். காவலுக்கு நினைத்த உருவம் எடுக்கும் ஒரு ராட்சசியை உட்கார வைத்தேன். முத்தரசு என்ற பத்து வயதுப் பையனைக் கதாநாயகனாக்கினேன்.

தொடர் நன்றாகத்தான் போனது. பதினோராவது வாரத்தில் முத்தரசுவின் அப்பா முத்தை எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறார். இடுப்பில் கயிறு. படகில் நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் அவருடைய மச்சான், அதாவது பையனின் தாய்மாமன், செங்கண்ணன். முத்து கூடையில் மேலே வந்துவிட்டது. அப்பா வரவில்லை. செங்கண்ணன் முத்தைப் பார்க்கிறான். கயிற்றைப் பார்க்கிறான். மீசையைத் தடவிச் சிரிக்கிறான். கயிற்றை விட்டுவிடுகிறான். தொடரும்.

தாய்மாமனை ஏன் வில்லனாக்கினேன் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த மச்சான் உறவு ஒன்றே ஒன்றுதான், என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் இருந்த உறவு. எங்கள் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி பரிமாறினார்கள். கூட இஞ்சிப்பச்சடி வைக்க மறந்துவிட்டார்கள். சொதிக்கு இஞ்சிப்பச்சடி வைக்காத வீட்டில் பெண்ணெடுத்துவிட்டோமே என்று இவர் சொல்ல, சாப்பிட வந்தாரா பரிசோதனைக்கு வந்தாரா என்று அண்ணன் கேட்க, ஆறு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருந்தவள் நான். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்லுவார்கள். பகலில் எக்ஸ்சேஞ்சில் செய்த அதே வேலைதான், வீட்டில் சம்பளம் கிடையாது.

மச்சான் என்றால் இப்படித்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கயிற்றை அவனிடம் கொடுத்தால் விடாமல் என்ன செய்வான்?

முதல் கேள்வி

மரத்தடிக்கு வந்தவர் பெயர் பிலோமினா. புருஷன் சூசை, சங்குக்கு மூழ்குகிறவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறில்லாமல் இறங்கும் இளவட்டங்கள் அப்போது வந்துவிட்டார்கள். சூசை பழைய ஆள், இடுப்புக் கயிறு இல்லாமல் இறங்க மாட்டார். அந்தக் கயிற்றைப் பதின்மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிலோமினாவின் தம்பி ராயப்பன்.

“கயிறு பிடிக்கவன நீங்க எங்கனயாவது பாத்திருக்கீயளா?” இதுதான் முதல் கேள்வி.

“இல்லை” என்றேன்.

“அதான பாத்தேன். எங்க தெருவுல மச்சான் கையிலதாம்மா கயித்தக் குடுப்பாவ. அண்ணந்தம்பி கையில குடுக்க மாட்டாவ. ஏன்னு சொல்லுங்க?”

அவரே பதிலும் சொன்னார்.

“மேல நிக்கவன் கயித்த விட்டா தாலி யாருக்கு அறும்? அவங்கூடப் பொறந்தவளுக்கு. அதனால விட மாட்டான். செத்தாலும் விட மாட்டான். அவனப் போயி விட வச்சுட்டீயள்ல?”

நடந்ததைச் சொன்னார். அவர்கள் மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைதோறும் பத்திரிகை வந்ததும் தெருவில் உட்கார்ந்து என் தொடரைச் சத்தமாகப் படிப்பாளாம். தெருவே கூடிக் கேட்குமாம். சூசையும் கேட்பார், ராயப்பனும் கேட்பார். பதினோராவது வாரம் செங்கண்ணன் கயிற்றை விடுகிற இடத்தில் ‘தொடரும்’ வந்தது. ஜெசிந்தா புத்தகத்தை மூடிவிட்டு, மாமாவை ஒரு பார்வை பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவள் அப்பா காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. “மாமா விட்டுருவாரு, போவாதீங்கப்பா” என்று ஒரே அழுகை. கரையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பிள்ளையைச் சிரிக்க வைக்கிறேன் என்று சூசை ஒரு காரியம் செய்தார். ராயப்பனைப் பார்த்து, “ஏலே ராயப்பா, இன்னைக்கு விட்டுராத என்னா?” என்று தமாஷாகச் சொன்னார்.

பிலோமினா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

“கயிறு பிடிக்கவனப் பாத்து விட்டுராதன்னு சொல்லப்பிடாதும்மா. எங்க மாமனாரு காலத்துலருந்து ஒருத்தரும் சொன்னதில்ல. தண்ணிக்குள்ள தல போறதுக்கு முன்னால ஒரு பேச்சுக் கெடையாது. கயித்தக் குடுப்பாவ, இறங்கிருவாவ.”

ராயப்பன் கயிற்றைச் சுருட்டிப் படகில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சூசையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூலிக்கு ஒரு ஆளைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டு போனார்.

“நேத்து அந்த மகராசன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டு இருந்திருக்கான். இவுக கீழருந்து இழுத்த முத இழுப்பு அவனுக்குத் தெரியல. ரெண்டாவது இழுப்புக்குத்தான் தூக்கியிருக்கான். மேல வரும்போது மூக்குல ரெத்தம். இன்னைக்கும் அவனத்தான் கூட்டிட்டுப் போயிருக்காவ. ரோசம்.”

குரல் கொஞ்சம் இறங்கியது. “ரெண்டாவது கேள்வி. வார வெள்ளிக்கிழம அந்த செங்கண்ணன் திரும்பக் கயித்தப் பிடிப்பானா?”

பன்னிரண்டாவது வாரம் என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியும். எழுதியவள் நான்தானே. செங்கண்ணன் முத்தோடு இலங்கைப் பக்கம் பாய் விரித்துப் போகிறான். போகும்போது ஒரு பாட்டும் பாடுகிறான். நான்கு வரி, எதுகையோடு.

“பாக்கலாம்” என்றேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதைவிடக் கேவலமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியரின் பூரிப்பு

அன்று சாயங்காலமே ஆசிரியருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தேன். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிற எனக்கு என் ஆசிரியர் கிடைக்க இரண்டு மணி நேரமானது.

“அம்மா! செங்கண்ணன் பிரமாதம்!” என்று எடுத்த எடுப்பில் கத்தினார். “பிள்ளைகள் அவனைத் திட்டித் திட்டிக் கடிதம் போடுகிறார்கள். ஒரு பெண் அவன் படத்தின் கண்ணைக் குத்தி அனுப்பியிருக்கிறாள். நம் ஓவியர் சந்தோஷத்தில் மீசையை இன்னும் இரண்டு விரல் நீட்டிவிட்டார்.”

“சார், மாமனைத் திருத்தணும்.”

“திருத்துவதா? மாமன் திருந்திவிட்டால் கதையில் யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டும் பதின்மூன்றும் அச்சுக்குப் போய்விட்டன. பதினாலில் அவன் முத்தரசுவின் அம்மாவைக் கப்பலில் கடத்திக்கொண்டு போகட்டும்.”

“அவன் கூடப்பிறந்தவளையா?”

“அதில்தானே அம்மா விறுவிறுப்பு!”

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் தோழி நடுவில் புகுந்து சொன்னாள். அந்த வாக்கியத்துக்காக வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் நான் நன்றியோடு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை பிலோமினா வந்தார். இந்தத் தடவை பத்திரிகை கையில் இல்லை.

“பாட்டு வேற பாடுதானாம்லா” என்றார். அவ்வளவுதான் கதையைப் பற்றிப் பேச்சு. “ஒங்களுக்கு என்னைக்கு லீவு?”

“புதன்கிழமை.”

“வெள்ளன வாங்க. தோணி கெளம்புறதுக்கு முன்னால. எழுதுனவுக வாயால வந்து சொல்லுங்க, எல்லாம் பொய்யின்னு.”

சொற்பொழிவு

நான் சும்மா போகவில்லை. கற்பனைக்கும் நிஜத்துக்கும் உள்ள வேறுபாடு குறித்து மூன்று பக்கம் எழுதித் தயார்செய்துகொண்டு போனேன். இலக்கியத்தின் சமூகப் பொறுப்பு என்று ஒரு பத்திகூட இருந்தது. விடிகிற நேரத்தில் கடற்கரை மணலில் செருப்போடு நடக்க முடியாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மூன்று பக்கத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

ஏழெட்டுப் படகுகள் கிளம்பத் தயாராக நின்றன. சூசை குட்டையான மனிதர், நெஞ்சு மட்டும் அகலம். உப்புத்தண்ணீரில் திறந்து திறந்து கண் இரண்டும் சிவந்திருந்தன. ராயப்பன் தள்ளிப் போய், கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகாத மனிதர் தினமும் இந்த நேரத்துக்குக் கரைக்கு வந்து ஏன் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜெசிந்தா பன்னிரண்டு வாரத் தொடரையும் கிழித்தெடுத்து நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள்.

“முத்தரசுவோட அப்பா செத்துட்டாரா அக்கா?”

“இல்லம்மா... அதை இன்னும் முடிவு பண்ணல.”

“நீங்கதான எழுதுதீய?”

“ஆமா.”

“பெறகு எப்பிடித் தெரியாம இருக்கும்?”

அவசரமாக என் மூன்று பக்கத்தைப் பிரித்தேன். நான் கரையில் நின்ற ஆண்களைப் பார்த்து ஆரம்பித்தேன். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தைக் கேட்கிற மரியாதையோடு, அதே கவனக்குறைவோடு கேட்டார்கள். சமூகப் பொறுப்பு வரைக்கும் போகவில்லை. பாதியிலேயே தாளை மடித்துவிட்டு, “நான் எழுதினது தப்பு. கயிறு பிடிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை. எங்க ஊர்ல மச்சான்மார் இஞ்சிப்பச்சடிக்குச் சண்டை போடுவாங்க, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றேன்.

சிரித்தார்கள். சூசைகூட வாயைத் துடைப்பது போலச் சிரிப்பை மறைத்தார். ராயப்பன் சிரிக்கவில்லை. பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஒங்க மேல எனக்கென்னம்மா கோவம்? ஒங்க கதையில மீனு பேசுது. தோணி பறக்கு. அதே மாதிரி மாமனும் கயித்த விடுதான். கதைன்னா எல்லாந்தான் இருக்கும்.” என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், சூசை இருந்த பக்கம் தலையைத் திருப்பாமல் தொடர்ந்தார். “பதிமூணு வருசம் பிடிச்சிருக்கேன். ஒரு நா மச்சான் அந்த வார்த்தையச் சொன்னதில்ல. ஒரு கதையக் கேட்டுட்டுச் சொல்லிட்டாருல்லா.”

“தமாசுக்குத்தாம்ல சொன்னேன்” என்றார் சூசை, கடலைப் பார்த்து.

“தமாசுக்கா கீழ இறங்குதீய?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பேனாவின் வல்லமையால் ஒரு குடும்பம் உடைந்துவிட்டதே என்று பத்து நாளாக வருந்திக்கொண்டிருந்தேன். அந்த வருத்தத்துக்குள் ஒரு பெருமை ஒளிந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ராயப்பன் அந்தப் பெருமையையும் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் சண்டையில் நான் ஓர் ஆளே இல்லை.

பிலோமினா புருஷனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரில் யாரிடம் கெஞ்சினாலும் மற்றவர் மானம் போகும்.

கயிறு

சூசை படகில் ஏறினார். இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பேர் படகைத் தள்ளத் தயாராக நின்றார்கள். கூலிக்கு வருகிற அந்த வெற்றிலைக்காரன் கயிற்றுக்குக் கை நீட்டினான்.

“நீ பாயப் பாருல” என்றார் சூசை.

கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டார். மிச்சம் முழுவதையும் சுருளோடு தூக்கிக் கரையில் எறிந்தார். அது மணலில் வளையம் வளையமாக விழுந்தது. யாருக்கு எறிந்தார் என்று அவர் பார்க்கவில்லை. கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “தள்ளுங்கல” என்றார்.

படகு நகர்ந்தது. மணலில் கிடந்த கயிற்றின் முதல் வளையம் நிமிர்ந்து தண்ணீருக்குள் போனது. அடுத்தது. அதற்கடுத்தது.

அந்த மனிதர் இந்தக் கயிற்றின் முனையைக் கடலில் இழுத்துக்கொண்டே போய், அப்படியே இறங்கியும் விடுவார் என்று அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கயிற்றை எடுத்து ராயப்பன் கையில் திணிக்கலாமா என்றுகூட நினைத்தேன். பிலோமினா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ராயப்பன் அசையவில்லை. ஐந்து வளையம் இருந்தது, நாலானது. மூன்றானது. காற்று பாயில் ஏறியதும் படகு வேகமெடுத்தது. கடைசி வளையமும் நிமிர்ந்து, கயிற்றின் முனை மணலில் கோடு போட்டுக்கொண்டே ஓடி அலைக்குள் நுழைந்தது.

“ஏலே மடையா! கயிறு நனையுது பாரு!” என்று யாரையோ திட்டிக்கொண்டு ராயப்பன் ஓடினார்.

யாரைத் திட்டினார் என்று அந்தக் கரையில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் தடுமாறி விழுந்தார். எழுந்தபோது கயிறு கையில் இருந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீர் வரை படகைத் துரத்திப் போனார். படகிலிருந்தவர்கள் கைகொடுத்து அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். சூசை அப்போதும் திரும்பவில்லை. ராயப்பன் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொட்டச் சொட்ட நனைந்த கயிற்றை ஒவ்வொரு சுருளாகத் தன் மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேச்சு இல்லை.

பிலோமினா என் கையை விட்டார். சிலுவை போட்டுக்கொண்டு, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன். எழுதுகிறவளுக்கு என்ன அழுகை என்று கேட்காதீர்கள்.

ஜெசிந்தா படகு போன திசையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கையிலிருந்த தையல் போட்ட புத்தகத்தைப் புரட்டி, செங்கண்ணன் மீசையோடு சிரிக்கிற பக்கத்தை எடுத்தாள். வாத்தியார் பரீட்சைத் தாள் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

“அக்கா, இது மாமாவே இல்ல.”

“பிறகு?”

“அந்த ராட்சசிதான். குலசை தசராவுக்கு வேசம் போடுவாவள்லா, அது மாதிரி மாமா வேசம் போட்டுட்டு வந்து நின்னுருக்கா. நெசமான மாமாவ எங்கனயாவது கட்டிப் போட்டுருப்பா. இல்லன்னா எப்பிடி விடுவாரு?”

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இலக்கியத்தின் சமூகப் பொறுப்பு எழுதிய தாளின் பின்பக்கத்தில் அங்கேயே அதைக் குறித்துக்கொண்டேன். அன்று மத்தியானம் பதினாலாவது வாரத்தை எழுதித் தபாலில் சேர்த்தேன். ராட்சசியின் வேஷம் கலைகிறது. கட்டவிழ்ந்த நிஜ மாமன் கடலில் குதித்துக் கயிற்றின் முனையைப் பிடிக்கிறார். அப்பா மேலே வருகிறார்.

ஆசிரியர் தானாகவே ட்ரங்க் கால் போட்டுக் கூப்பிட்டார், என் கற்பனை வளத்தைப் பாராட்ட. இந்தத் திருப்பத்தை முதல் வாரத்திலேயே மனதில் வைத்துத்தானே ராட்சசியை நினைத்த உருவம் எடுப்பவளாக அமைத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். ஓவியருக்குத்தான் மனத்தாங்கல், அவ்வளவு பெரிய மீசையைக் கழற்றி ஒரு பெண்ணின் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

பதினாலாவது வாரம் வெளிவந்த வெள்ளிக்கிழமை ஜெசிந்தா வழக்கம்போலத் தெருவில் உட்கார்ந்து படித்தாளாம். சூசையும் ராயப்பனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டார்களாம். வேஷம் கலைகிற இடத்தில் தெருவே கைதட்டியது, ஜெசிந்தா மட்டும் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை என்று பிலோமினா வந்து சொன்னார். படித்து முடித்துப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மாமாவைப் பார்த்துச் சொன்னாளாம்:

“எழுதுத அக்காவுக்கு இப்பத்தான் வெவரம் தெரிஞ்சிருக்கு மாமா.”